கடன்சொல் – 7: கணக்கை வெட்டியது யார்?

யெகோஹேன் என்ற பெண்ணைப் போன வாரம் நைல் நதித் தீவான எலிஃபண்டைனில் விட்டுவிட்டு வந்தோம். கி.மு. 456, டிசம்பர். அவள் கையில் 4 சேக்கல் வெள்ளி. எதிரே கடன் கொடுத்த மெசுல்லாம். நடுவில் அராமிய மொழியில் எழுதிய ஒரு பாப்பிரஸ் தாள்.

பத்திரம் எழுதியவர் விவரமான ஆள். சேக்கலுக்கு மாதம் 2 ஹல்லூர் வட்டி. ஒரு சேக்கலுக்கு 40 ஹல்லூர். நம்மூர்ப் பேச்சில் சொன்னால் அஞ்சு வட்டி. ஒரு மாதம் வட்டி கட்டத் தவறினால் அந்த வட்டியும் முதலோடு சேர்ந்து குட்டி போடும். இரண்டாம் வருடமும் இழுத்தடித்தால் செங்கல் வீடு, அடிமை, வெண்கலப் பாத்திரம், இரும்புச் சாமான், துணிமணி, தானியம் என்று எதை வேண்டுமானாலும் மெசுல்லாம் எடுத்துக்கொள்ளலாம். அவள் செத்துப்போனால்? பிள்ளைகள் கட்ட வேண்டும்.

கடைசி வரியை மறக்காதீர்கள். செத்தாலும் விடாத கணக்கு.

இந்தத் தொடரின் நாயகன் ‘ஹோபா’ என்ற அராமியச் சொல். அதற்கு இரண்டு பொருள். ஒன்று, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். மற்றது, செய்த பாவம். இயேசுவின் காலத்துக் கலிலேயாவில் ஒருவன் ‘என் ஹோபாவை விட்டுவிடுங்கள்’ என்று கெஞ்சினால், அவன் வட்டிக்காரன் வாசலில் நிற்கிறானா, கடவுள் முன்னால் நிற்கிறானா என்று கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

வேதாகமத்தில் அராமியம் கொஞ்சம்தான். தானியேல் நூலில் 2ஆம் அதிகாரத்தின் 4ஆம் வசனத்தின் நடுவிலிருந்து 7ஆம் அதிகாரம் முடிய, எஸ்றாவில் சில பகுதிகள், எரேமியாவில் ஒரே ஒரு வசனம், ஆதியாகமத்தில் இரண்டே சொற்கள். இந்தக் கொஞ்சத்துக்குள் பாவம் என்ற பொருளில் ‘ஹோபா’ வரவில்லை. ஆனால் அது வந்துகொண்டிருக்கும் காலடிச் சத்தம் ஓரிடத்தில் தெளிவாகக் கேட்கிறது.

அந்த இடத்துக்குத்தான் இந்த வாரம் போகிறோம்.

* * *

முதலில் ஒரு கேள்வி. கடனாவதற்கு முன்னால் பாவம் என்னவாக இருந்தது?

சுமையாக இருந்தது.

பழைய எபிரேயத்தில் ‘நாசா ஆவோன்’ என்றொரு தொடர். (விண்வெளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ‘நாசா’ என்றால் தூக்குதல், ‘ஆவோன்’ என்றால் அக்கிரமம். பாவம் செய்தவன் தூக்கினால் அது தண்டனை. கடவுள் வந்து தூக்கினால் அதுவே மன்னிப்பு. அதே இரண்டு சொற்கள்தான். யார் முதுகு என்பதுதான் வித்தியாசம்.

வருடத்துக்கு ஒருமுறை ஒரு வெள்ளாட்டுக்கடாவை நிறுத்தி, ஆசாரியன் அதன் தலைமேல் இரண்டு கைகளையும் வைத்து, ஜனங்களின் அக்கிரமங்களை எல்லாம் வாய்விட்டுச் சொல்வான். பிறகு கடாவை வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார்கள். மூட்டை ஊரைவிட்டுப் போனது. கணக்கு வழக்கு எதுவும் கிடையாது. எத்தனை பாவம், யாருடையது எவ்வளவு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மூட்டையை நிறுப்பது யார்? இறக்கி வைத்தால் போதும்.

நமக்கு இது புதிதல்ல. ‘பாவமூட்டை’ என்று நாமும் சொல்கிறோம். அதே வாயால் ‘சித்திரகுப்தன் கணக்கு’ என்றும் சொல்கிறோம். ஒன்று முதுகில் இருக்கிறது, மற்றது ஏட்டில். இரண்டும் வேறு வேறு உலகம் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. எபிரேயர்களுக்கோ முதல் உலகத்திலிருந்து இரண்டாவதற்குப் போய்ச் சேர நூற்றாண்டுகள் பிடித்தன. போகும்போது என்ன நடந்தது என்பதற்குச் சுவடுகளும் இருக்கின்றன.

காயீனைப் பாருங்கள். தம்பியைக் கொன்றவன், எபிரேய மூலத்தில், தன் அக்கிரமம் தூக்க முடியாத அளவு பெரிதென்று முறையிடுகிறான். தூக்குதல் என்ற அதே வினை.

பிற்காலத்து ஜெப ஆலயத்தில் எபிரேய வசனம் வாசிக்கப்படும். சனங்களில் பலருக்கு எபிரேயம் மறந்துபோயிருந்தது. அதனால் வாசிப்பவருக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் வசனத்துக்கு வசனம் அராமியத்தில் சொல்வார். அப்படி வழங்கிவந்த மொழிபெயர்ப்புக்கு தர்கூம் என்று பெயர். ஓன்கெலோஸ் பெயரில் உள்ள தர்கூமில் காயீன் வேறு மாதிரி பேசுகிறான். அங்கே அவன் ஹோபா பெரியது, தள்ளுபடி செய்ய முடியாத அளவு பெரியது. சுமைகாரன் கடனாளியாகிவிட்டான்.

அந்த வெள்ளாட்டுக்கடா என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதுவும் வருகிறது. இப்போது ஜனங்களின் ‘ஹோபா’க்களை முதுகில் ஏற்றிக்கொண்டு வனாந்தரத்துக்குப் போகிறது. கடன்பத்திரங்களைச் சுமக்கும் ஆடு! பழைய உருவகமும் புதிய உருவகமும் முட்டிக்கொண்ட இடம் அது. மொழிபெயர்த்தவருக்கு அதில் விசித்திரமாக எதுவும் படவில்லை. அந்த அளவுக்குச் சொல் பழகிப்போயிருந்தது.

இரண்டுக்கும் நடுவில் என்னதான் நடந்தது?

* * *

பாபிலோன் நடந்தது.

கி.மு. 586இல் எருசலேம் விழுந்தது. சிறைப்பட்டுப் போனவர்கள் குடியேறிய நாடு, களிமண் பலகையில் கணக்கு எழுதிக் கணக்கிலேயே வாழ்ந்த நாடு. நிப்பூர் என்ற ஊரில் 1893இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் குழு ஒரே அறையில் பலகைகளைக் குவியலாகத் தோண்டி எடுத்தது. முராஷு என்ற குடும்பத்தின் வியாபாரக் கணக்குகள், எழுநூறுக்கும் மேல். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தவை. நிலம் வைத்திருப்பவர்கள் ராஜாவுக்கு வரி கட்ட வெள்ளி வேண்டும். முராஷு வீட்டார் கொடுப்பார்கள். நிலம் அடமானம். கணக்குகளில் யூதப் பெயர்களும் தென்படுகின்றன.

அந்தப் பலகைகளின் விளிம்பை உற்றுப் பார்க்க வேண்டும். உள்ளே முழுவதும் ஆப்புவடிவ எழுத்தில் அக்காதிய மொழி. விளிம்பில் மட்டும், சில பலகைகளில், வேறு கையெழுத்து: அராமியம். ஃபைலின் முதுகில் குமாஸ்தா தலைப்பு எழுதி வைப்பாரே, அதே மாதிரி. இது இன்னாருடைய பத்திரம் என்று ஒரு வரி. அடுக்கிலிருந்து பலகையை உருவி எடுக்கிறவனுக்கு அக்காதியம் படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த ஒரு வரி போதும்.

அராமியம் உலகமொழியானது இப்படித்தான். கவிஞர்களோ மதகுருக்களோ அதைப் பரப்பவில்லை. குமாஸ்தாக்கள் பரப்பினார்கள். எகிப்தின் தெற்கு எல்லையில் யெகோஹேன் கடன் வாங்கியதும் அதே மொழியில்தான்.

எருசலேமுக்குத் திரும்பியவர்களுக்காவது நிம்மதி கிடைத்ததா? கி.மு. 445இல் நெகேமியா அங்கே போய்ச் சேர்ந்தபோது ஜனங்கள் கூக்குரலிட்டார்கள். வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்துத்தான் பஞ்சத்தில் தானியம் வாங்கினோம். ராஜாவின் வரிக்கு வட்டிக்கு வாங்கினோம். பிள்ளைகளை அடிமையாக விட்டிருக்கிறோம். கடன் கொடுத்தவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை, சொந்தச் சகோதரர்கள். நெகேமியா பெரிய மனிதர்களைக் கூட்டி, ஆசாரியர்கள் முன்னால் சத்தியம் வாங்கினார். பிறகு எழுந்து நின்று தன் மடியை உதறிக் காட்டினார். சொன்ன சொல் தவறுகிறவனைக் கடவுள் இப்படி உதறிவிடட்டும் என்று.

மடி வெறுமையாகும் அந்த உதறலில் அக்காலத்தின் பயம் மொத்தமும் தெரிகிறது. கடனில் மூழ்கியவனுக்கு வீடு போகும், நிலம் போகும், கடைசியில் பெற்ற பிள்ளையும் போகும். அந்த மனிதர்களிடம் போய் ‘பாவத்தின் விளைவு என்ன?’ என்று கேட்டால் வேறு எந்த உவமை வாயில் வரும்? நாடுகடத்தப்பட்ட காலத்தில் ஏசாயா நூலின் பிற்பகுதியை எழுதியவர் ஏற்கெனவே இதைத் தொட்டுவிட்டார். கடன் கொடுத்த எவனுக்கு நான் உங்களை விற்றேன் என்று கடவுளே கேட்கிறார். உங்கள் அக்கிரமங்களால் அல்லவா விலைபோனீர்கள் என்கிறார்.

ஆனால் அது எபிரேயம். கேள்வியோடு நின்றுவிட்டது. கடனை எப்படி அடைப்பது என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

சொன்னவர் தானியேல். அராமியத்தில். அதுவும் எருசலேமை இடித்த ராஜாவிடமே.

* * *

நேபுகாத்நேச்சார் கனவு கண்டான். பூமியின் நடுவில் வானத்தைத் தொடும் மரம். அதன் நிழலில் மிருகங்கள், கிளைகளில் பறவைகள். வானத்திலிருந்து ஒரு காவலாளன் இறங்கி, மரத்தை வெட்டச் சொல்கிறான். அடிமரத்தை மட்டும் இரும்பும் வெண்கலமுமான கட்டுப் போட்டு மண்ணில் விட்டுவிடச் சொல்கிறான்.

அரண்மனை ஜோசியர்களுக்கு அர்த்தம் பிடிபடவில்லை. தானியேல் வந்தார். கேட்டார்.

உடனே பேசவில்லை. ஒரு நாழிகை திகைத்துப்போய் நின்றார் என்கிறது நூல்.

அந்த ஒரு நாழிகையை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மரம் இந்த ராஜாதான். வெட்டப்படப்போவது இவன்தான். சொன்னால் தன் தலை போகலாம். சொல்லாமல் விட்டால்? ஆலயத்தைக் கொளுத்தியவன் தானாகவே அழிவான். சிறைப்பட்டு வந்த ஒரு யூதனுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? ராஜாவே அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கலங்க வேண்டாம், சொல் என்கிறான்.

தானியேல் சொன்னார். மனிதர்களிடமிருந்து நீ துரத்தப்படுவாய், மாட்டைப் போல் புல் தின்பாய், ஏழு காலங்கள் இப்படியே போகும் என்று. கேட்டது கனவின் பொருள் மட்டும். வேலை அத்தோடு முடிந்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. கேட்காத ஒரு யோசனையும் சொன்னார்.

அராமிய மூலத்தில் இது 4:24. நம் பதிப்புகளில் 4:27. முந்திய அதிகாரத்தின் கடைசி மூன்று வசனங்களை எங்கே சேர்ப்பது என்பதில் வந்த எண் வேறுபாடு, வேறொன்றுமில்லை. யோசனையின் சாரம் இது: ராஜா தன் ‘ஹட்டாய்’களை ‘சித்கா’வாலும், தன் ‘அவாயா’க்களை எளியவர்களுக்கு இரங்குவதாலும் ‘பெரூக்’ செய்ய வேண்டும்.

நான்கு சொற்கள். மெதுவாகப் போவோம்.

‘ஹட்டாய்’, பாவம். இதன் வேர் குறி தவறுதல். நியாயாதிபதிகள் நூலில் இடதுகைப் பழக்கமுள்ள 700 கவண்காரர்கள் வருகிறார்கள். மயிரிழையைக் குறி வைத்து எறிந்தாலும் தவறாதாம். அங்கே ‘தவறாது’ என்பதற்கு வருவது எபிரேயத்தில் இதே வேர்தான். பாவம் என்றால் இலக்கு பிசகிய கல்.

‘அவாயா’, அக்கிரமம். வேர்ப்பொருள் வளைவு, கோணல். மூலத்தில் எளியவர்களைக் குறிக்கும் ‘அனாயின்’ என்ற சொல்லோடு அது ஒலியில் உரசிக்கொண்டு நிற்கிறது. வாய்விட்டு வாசித்தால் காதில் விழும். கோணலை நிமிர்த்த எளியவனிடம் போ என்று ஓசையே சொல்கிறது.

இதுவரை பணம் எங்கேயும் இல்லை. ஒன்று பிசகு, ஒன்று கோணல்.

‘சித்கா’. பழைய எபிரேயத்தில் இந்த வேருக்கு நீதி என்று பொருள். பிறகு ஏழைக்குக் கொடுக்கும் தர்மம் என்ற பொருளும் வந்து ஒட்டிக்கொண்டது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் ‘சதக்கா’ என்று சொல்கிறார்களே, அரபி வழி வந்த அந்தச் சொல்லும் இதே வேர்தான். இந்த வசனத்தில் அடுத்த பாதியிலேயே எளியவர்கள் வருவதால், இங்கே தர்மம் என்ற பொருளே பொருந்துகிறது. வெள்ளி கைமாறத் தொடங்கிவிட்டது.

கடைசியாக, ‘பெரூக்’.

* * *

இந்த ஒரு வினைச்சொல்லுக்காகப் பின்னாளில் ஐரோப்பாவே இரண்டாகப் பிரிந்து வாதாடியது.

ப-ர-க் என்ற இந்த வேருக்கு எபிரேயத்தில் பிய்த்தெறிதல் என்ற பொருள் உண்டு. ஈசாக்கு தன் மகன் ஏசாவிடம் பேசும்போது, ஒருநாள் தம்பியின் நுகத்தைக் கழுத்திலிருந்து முறித்துப்போடுவாய் என்கிறான். அங்கே இதே வினை. அப்படிப் பார்த்தால் தானியேல் சொன்னது: பாவத்தை முறித்துப் போடு, அதாவது, நிறுத்து. 1611இன் ஆங்கில வேதாகமம் இந்தப் பக்கம். தமிழ்ச் சீர்திருத்த சபைகளின் பழைய மொழிபெயர்ப்பும் ‘அகற்றுதல்’ என்ற வினையைத்தான் போட்டிருக்கிறது.

ஆனால் அராமியத்தில் இதன் அன்றாடப் பொருள் வேறு. மீட்பது.

நல்ல வேளையாக இதை விளக்க எனக்குத் தமிழ் இருக்கிறது. அடகுக்கடையில் கிடக்கும் சங்கிலியை என்ன செய்கிறோம்? மீட்கிறோம். கிறித்தவர்கள் இயேசுவை எப்படி அழைக்கிறார்கள்? மீட்பர். அடகுச் சீட்டும் ஆராதனையும் ஒரே வினைச்சொல்லில் சந்திக்கின்றன. அராமியத்தின் கிளையான சிரியாக்கிலும் அப்படியே. இதே வேரில் பிறந்த ‘பாரோகா’ என்பதுதான் அங்கே மீட்பருக்குப் பெயர்.

தானியேலைக் கிரேக்கத்தில் பெயர்த்த பழங்காலத்து யூதர்களுக்கு இதில் சந்தேகமே வரவில்லை. பிணைத்தொகை கொடுத்து மீட்பதற்கான கிரேக்க வினையைப் போட்டார்கள். சித்காவுக்குத் தர்மம் என்றே எழுதினார்கள். லத்தீனில் ஜெரோமும் அதே வழியில் போனார். தர்மத்தால் பாவத்தை மீட்டுக்கொள் என்று.

16ஆம் நூற்றாண்டில் இது வெடித்தது. பாவத்துக்கு விலை கொடுக்க முடியுமா, பிறகு கிருபைக்கு என்ன வேலை என்று லூத்தர் பக்கத்தினர் கேட்டார்கள். லூத்தரின் தோழர் மெலாங்க்தன் 1531இல் எழுதிய மறுப்புரையில் தானியேலின் இந்த வசனத்தோடு நீண்ட மல்லுக்கட்டே நடத்தினார். இரு தரப்பும் தங்கள் சண்டையைத்தான் போட்டார்கள் என்பது என் எண்ணம். வசனத்தை எழுதியவருக்குப் பாப்பரசரும் தெரியாது, லூத்தரின் ஊரான விட்டன்பெர்க்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது அடமானம்.

பாவத்தைக் கடனாகப் பார்க்கும் இந்தத் திருப்பத்தை முழு வரலாறாக எழுதியவர் அமெரிக்க அறிஞர் கேரி ஆண்டர்சன். அவருடைய நூல் 2009இல் வந்தது. அவருடைய வாதத்தின் அச்சாணிகளில் ஒன்று இந்த வசனம். எனக்கு அதில் பிடித்தது இதுதான்: பெயர்ச்சொற்கள் இரண்டும் பழையபடியே இருக்கின்றன. பிசகு, கோணல். வினைச்சொல் மட்டும் அடகுக்கடையிலிருந்து வந்துவிட்டது. பிசகிய கல்லை யாரும் மீட்பதில்லை. கோணலான கம்பை யாரும் மீட்பதில்லை. மீட்க வேண்டுமென்றால் அது ஏற்கெனவே அடகில் இருந்தாக வேண்டும். பேசியவரின் மனதில் பாவம் கடனாகிவிட்டது. வாய்க்குத்தான் இன்னும் புதுச்சொல் வரவில்லை.

இந்த யோசனை பலிக்கும் என்று யூத ரபிகள் நம்பினார்கள். எவ்வளவு நம்பினார்கள் என்றால், அதற்காகத் தானியேல் மேல் கோபமே வந்தது! தல்மூதில், பாபா பத்ரா என்ற பகுதியில், தானியேல் எதற்காகத் தண்டிக்கப்பட்டார் என்று ஒரு கேள்வி. எதிரி ராஜாவுக்குக் கடன் அடைக்கும் வழியைச் சொல்லிக்கொடுத்ததற்காக என்று பதில். கனவுக்கும் தண்டனைக்கும் நடுவே 12 மாதம் இடைவெளி இருக்கிறதே, அந்தத் தவணை ஏன் கிடைத்தது என்று பார்த்தவர்கள் அவர்கள்.

பன்னிரண்டாம் மாதம் ராஜா அரண்மனை மாடியில் உலாவினான். இந்த மகா பாபிலோனைக் கட்டியது நான் அல்லவா என்றான். வாக்கியம் வாயில் இருக்கும்போதே வானத்திலிருந்து குரல் வந்தது.

தவணை முடிந்தது.

* * *

இங்கே ஒரு சிக்கல். கி.மு. 605 முதல் 562 வரை ஆண்ட நேபுகாத்நேச்சார் புத்தி பேதலித்து ஏழு காலம் காட்டில் கிடந்ததாக உறுதியான பாபிலோனிய ஆவணம் எதுவும் இல்லை. தலைநகரை விட்டுப்போன ராஜா ஒருவன் இருந்தான். ஆனால் அவன் வேறு.

நபோனிதஸ். பாபிலோனின் கடைசி ராஜா. கி.மு. 556இல் பட்டத்துக்கு வந்தான். சில ஆண்டுகளில் மகன் பெல்ஷாத்சாரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வட அரேபியப் பாலைவனச் சோலையான தைமாவுக்குப் போய்விட்டான். பத்து ஆண்டு. ராஜா ஊரில் இல்லாததால் புத்தாண்டுத் திருவிழா நடக்கவில்லை என்று பாபிலோனிய நாளாகமம் வருடா வருடம் குறித்து வைத்திருக்கிறது. கி.மு. 539இல் பாரசீக ராஜா கோரேசின் படை நகருக்குள் நுழைந்தது.

தைமா வாசத்தைப் பற்றி அவனே பேசும் கல்வெட்டு 1956இல் தென்கிழக்குத் துருக்கியின் ஹரானில் கிடைத்தது. கிடைத்த இடத்தைக் கேளுங்கள். பழைய பெரிய மசூதியின் வாசல்களில், எழுத்து கீழ்ப்பக்கமாகக் கவிழ்த்து, படிக்கல்லாகப் போட்டிருந்தார்கள். பல நூற்றாண்டுகளாகத் தொழுகைக்கு வந்தவர்கள் பாபிலோன் ராஜாவின் சுயசரிதையை மிதித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அதே 1956இல் யோசெஃப் மிலிக் என்ற போலந்து நாட்டு அறிஞர் இன்னொன்றை வெளியிட்டார். சாக்கடலோரம் கும்ரானில் நான்காம் குகையிலிருந்து வந்த தோல் துண்டுகள் சில. எழுத்தமைதியைப் பார்த்தால் கி.மு. முதல் நூற்றாண்டு. மொழி, அராமியம். தலைப்பு மாதிரி முதல் வரி: பாபிலோன் ராஜா நபுனாயின் ஜெபம்.

நபுனாய் என்றால் நபோனிதஸ்தான். தேமானில், அதாவது தைமாவில், உன்னதக் கடவுளின் கட்டளையால் கொடிய சருமநோய் பிடித்து ஏழு வருடம் ஒதுங்கிக் கிடந்தேன் என்கிறான். வெள்ளியும் பொன்னும் மரமும் கல்லும் மண்ணுமான தெய்வங்களைக் கும்பிட்டதைச் சொல்கிறான். ஒரு யூதன் வருகிறான்.

பாபிலோன் ராஜா, ஏழு வருடம், மனிதரிடமிருந்து விலக்கம், ஒரு யூத ஞானி. தானியேல் 4இன் கதை முதலில் நபோனிதஸைப் பற்றி வழங்கியது, பிறகு அதிகப் பிரபலமான நேபுகாத்நேச்சார் தலையில் ஏறியது என்று ஆய்வாளர்களில் பலர் சொல்வது இதனால்தான்.

ஆனால் நம் தொடருக்கு வேண்டியது அந்தத் தோலின் நான்கே சொற்கள்.

‘ஹட்டாய்’: என் பாவம். ‘ஷ்பக்’: விட்டான், தள்ளுபடி செய்தான். ‘லே’: அவனுக்கு, அல்லது அதற்கு. ‘காசேர்’: குறிசொல்பவன்.

‘ஷ்பக்’கில் கொஞ்சம் நிற்க வேண்டும். தானியேலில் அடிமரத்தை மண்ணில் ‘விட்டுவிடுங்கள்’ என்று காவலாளன் சொன்னானே, அங்கேயும் இதே வினைதான். பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் போகிறவர்கள் இதை வருடந்தோறும் கேட்கிறார்கள். சிலுவையில் இயேசு கதறியதாகச் சொல்லப்படும் ‘சபக்தானி’, ஏன் என்னைக் கைவிட்டீர் என்பதன் கடைசிச் சொல், இதே ஷ்பக்தான். நம் ‘விடு’ மாதிரி ஒரு சொல். பிள்ளையைக் கைவிடுவதும் விடுவதுதான். ‘போகட்டும், வட்டியை விட்டுடறேன்’ என்பதும் விடுவதுதான்.

அதைவிட ருசியானது ‘காசேர்’. அதன் வேருக்கு வெட்டுதல் என்று பொருள். விதியை வெட்டிச் சொல்பவன், குறிகாரன். நேபுகாத்நேச்சாரின் சபையிலும் காசேர்கள் இருந்தார்கள், மரக்கனவின் பொருள் தெரியாமல் முழித்தவர்களில் அவர்களும் சேர்த்தி. இந்தத் தோலில் வரும் காசேர் யூதன்.

இப்போது நான்கையும் சேர்த்து வாசியுங்கள்.

என் பாவம், அதைத் தள்ளுபடி செய்தான் ஒரு காசேர்.

இது ஒரு வாசிப்பு. பிரெஞ்சு அறிஞர் துப்போன்-சொம்மே இந்தப் பக்கம். ராஜாவின் கணக்கைத் தீர்த்தது ஒரு மனிதன்.

இன்னொரு வாசிப்பில் ‘ஷ்பக் லே’யோடு வாக்கியம் முடிகிறது. விட்டவர் கடவுள். ‘காசேர்’ அடுத்த வாக்கியத்தின் எழுவாய். ஒரு குறிகாரன் இருந்தான், அவன் யூதன், வந்து எனக்கு விளக்கினான் என்று தொடரும்.

முற்றுப்புள்ளி எங்கே? அந்தக் காலத்து எழுத்தில் முற்றுப்புள்ளி கிடையாது. ‘எனக்கு’ என்று எதிர்பார்க்கும் இடத்தில் ‘லே’ என்று வேறு எழுதியிருக்கிறது. அந்த வரியைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய தோல் சுற்றிலும் கிழிந்துபோய்விட்டது.

பாவம் மூட்டையாக இருந்தவரை இந்தக் குழப்பமே எழுந்திருக்காது. மூட்டைக்கு யார் வேண்டுமானாலும் கை கொடுக்கலாம், ஆடுகூடச் சுமக்கும். கடன் அப்படியா? பத்திரம் ஒருவர் பெயரில் இருக்கிறது. மெசுல்லாமின் கடனை மெசுல்லாம்தான் விட முடியும். அவர் வீட்டுக் கணக்குப்பிள்ளை நல்லவனாக இருக்கலாம், யெகோஹேனைப் பார்த்து மனம் இரங்கலாம். ஆனால் ஏட்டைத் திறந்து அவள் பெயரை அவன் வெட்டினால் அது செல்லுமா?

இந்தத் துண்டுகள் எழுதப்பட்டதற்கு அடுத்த நூற்றாண்டில், வடக்கே கலிலேயாக் கடலோரம், கப்பர்நகூமில் ஒரு வீடு. உள்ளே நுழைய இடமில்லாத கூட்டம். நான்கு பேர் கூரைமேல் ஏறி ஓட்டை போட்டு, கட்டிலோடு ஒரு முடவனை இறக்குகிறார்கள். வீட்டுக்குள் இருந்த தச்சன் மகன் நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கணக்கு தீர்ந்தது என்கிறான். மூலையில் உட்கார்ந்திருந்த வேதபாரகர்களுக்கு முகம் கறுக்கிறது. இதைச் சொல்ல இவன் யார்?

அவர்களுடைய கேள்வி கிழிந்த தோலின் கேள்விதானே? முதலாளியின் கடனை மூன்றாம் ஆள் வெட்டலாமா? அல்லது, அங்கே நின்றவன் மூன்றாம் ஆள்தானா?

(அடுத்த வாரம்: கூரையில் விழுந்த ஓட்டை)